பழுது எந்த இழையில்?



ஆரணியில் நெய்த சேலை பெங்களூருக்குப் போக வேண்டுமானால், மூட்டை கட்டும்போதே ஓர் இணையப் பக்கத்தையும் திறந்தாக வேண்டும். மாநில எல்லையைக் கடக்கும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் வேண்டும் என்பது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பட்டுச் சேலையில் 50,000 என்பது பெரிய தொகையா? கையில் தூக்கிப்போகிற ஒரு கட்டே அதைத் தொட்டுவிடும். ஜிஎஸ்டி கணக்கு, வங்கி, மின்கட்டணம், நெசவாளர் அடையாள அட்டை, பிள்ளைகளின் உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாமே இப்போது பிரவுசர் வழியாகத்தான் நடக்கின்றன.

அந்தப் பிரவுசர் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்? வீட்டில் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த பையனையோ பெண்ணையோ கூப்பிடுகிறோம். அந்தப் பிள்ளை வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் அழிக்கிறது. ஹிஸ்டரி போகிறது, குக்கீ போகிறது, சில நேரம் சேமித்துவைத்த கடவுச்சொற்களும் சேர்ந்து போகின்றன. பிறகும் பக்கம் திறக்கவில்லை. அப்பாவுக்கு வங்கிக் கணக்கின் கடவுச்சொல் நினைவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. ஒரு பழுது இருந்த இடத்தில் இரண்டு பழுது.

நெசவாளத் தோழர்களே, தறியில் நீங்கள் யாரும் இப்படிச் செய்வதில்லை. பாவில் ஓர் இழை போனால் சேலை நெடுகக் கோடு விழும். ஊடையில் குறை என்றால் குறுக்கே பட்டையாகத் தெரியும். புட்டா வரும்போதெல்லாம் அதே இடத்தில் தப்பினால் ஜக்கார்டு அட்டையைப் பார்ப்பீர்கள். குறை எங்கே விழுகிறது என்பதைக் கொண்டே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவீர்கள். அதற்காகப் பாவு முழுவதையும் யாரும் அறுத்துப்போடுவதில்லை. இணையப் பக்கத்தின் பழுதையும் அதே கண்ணோடு பார்க்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எதையும் அழிப்பதற்கு முன்னால், பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

பழுது இருக்கக்கூடிய இடங்கள் நான்கு: அந்த இணையதளம், உங்கள் பிரவுசர், உங்கள் கருவி, இடையில் இருக்கும் இணைப்பு. இவற்றைப் பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும்.

வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால் இணைப்பைப் பார்க்க வேண்டும். அது திறந்து, இது மட்டும் திறக்கவில்லையென்றால், பிரவுசரின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி இன்காக்னிட்டோ சாளரம் ஒன்றைத் திறந்து, அதில் அதே முகவரியைப் போடுங்கள். ஃபயர்பாக்ஸில் இதற்குப் பிரைவேட் சாளரம் என்று பெயர். ரகசியமாகப் பார்க்க வைத்த வசதி என்று பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். பழுது பார்க்கிறவருக்கு இதைவிட உதவியான கருவி பிரவுசரில் வேறில்லை என்பேன். பழைய குக்கீகள் இந்தச் சாளரத்துக்குள் வருவதில்லை. குரோமில் நாம் அனுமதி கொடுத்தாலொழிய எக்ஸ்டென்ஷன்களும் இதில் இயங்குவதில்லை. அதனால் சாதாரணச் சாளரத்தில் ஓடாத பக்கம் இதில் ஓடினால், தளமும் சரி, இணைப்பும் சரி. உங்கள் பிரவுசரில் தங்கிப்போன ஏதோ ஒன்றுதான் தடை என்று துணிந்து சொல்லலாம்.

இதிலும் ஓடவில்லையா? அதே கணினியில் வேறு பிரவுசரில் பாருங்கள். அதிலும் இல்லையென்றால், வைஃபையை விட்டுவிட்டுக் கைபேசியின் டேட்டாவில் பாருங்கள். அடுத்த தெருவில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கும் திறக்கவில்லை என்றால் பழுது தளத்தில்தான். அதற்காக உங்கள் கணினியில் ஒரு பொத்தானைக்கூடத் தொட வேண்டியதில்லை.

இப்போது தங்கிப்போவது எது என்று பார்ப்போம். முதலாவது கேஷ். ஒரு தளத்தின் படங்களையும் அதை இயக்கும் நிரல்களையும் ஒவ்வொரு முறையும் தருவிக்காமல், பிரவுசர் தன்னிடமே ஒரு நகல் வைத்துக்கொள்கிறது. தளத்தை நடத்துகிறவர்கள் நிரலை மாற்றிய பிறகும் பழைய நகலே ஓடினால், பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நகலை விட்டுவிட்டுப் பக்கத்தைப் புதிதாகத் தருவிக்கும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது குக்கீ. இணையத்தின் அடிப்படை நெறிக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், போனவர் யாரென்று அதற்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு அடையாளச் சீட்டைப் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும். பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைக் காட்டும். அதுதான் குக்கீ. அந்தச் சீட்டு காலாவதியாகிவிட்டாலோ, இரண்டு டேப்பில் இரண்டு பெயரில் உள்ளே போய்ச் சீட்டு மாறிவிட்டாலோ, உள்ளே விட்டு உடனே வெளியே தள்ளும். 'செஷன் எக்ஸ்பயர்டு' என்று ஜிஎஸ்டி தளத்தில் பார்த்திருப்பீர்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரே கணினியில் நான்கு கடைகளின் கணக்கைப் பார்க்கிற தம்பிகளுக்கு இது தினமும் நடக்கிறது. ஒரு கடைக்கு ஒரு பிரவுசர் புரொஃபைல் என்று பிரித்து வைத்துக்கொண்டால் சீட்டுகள் கலக்காது.

அழித்தே ஆக வேண்டும் என்றால், அந்த ஒரு தளத்துக்கு உரியதை மட்டும் அழியுங்கள். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தைத் தொட்டால், குக்கீயும் தளத் தரவும் என்ற வரி வரும். அதற்குள் அந்தத் தளத்தின் பெயர் இருக்கும். மொத்தமாக அழிக்கும் பக்கத்துக்குப் போகவே வேண்டாம். கணக்கை ஒருங்கிணைத்து வைத்திருந்தால், கணினியில் அழித்த ஹிஸ்டரி கைபேசியிலும் சேர்ந்து அழியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈ-வே பில் தளத்துக்கென்றே ஒரு செய்தி. எல்லா விவரத்தையும் போட்டு முடித்த பிறகு வர வேண்டிய சிறு சாளரம் வராமல், சுட்டியைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்துவிட்டுத் தளத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு. அந்தத் தளத்தின் கேள்வி-பதில் பகுதியே இதற்குக் காரணம் சொல்கிறது: பிரவுசர் பாப்-அப் சாளரத்தைத் தடுத்திருக்கும். விளம்பரச் சாளரங்களைத் தடுக்க வந்த வசதி, நமக்கு வேண்டிய சாளரத்தையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஒரு சிறு குறி தோன்றும். அதைத் தொட்டு, இந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாத் தளத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது கடிகாரம். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கணினி வைத்திருக்கும் கடைகளில் இதைப் போலக் குழப்புவது வேறில்லை. வங்கிப் பக்கம் திறக்காது. மின்கட்டணப் பக்கம் திறக்காது. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதில்லை' என்று எல்லாத் தளத்திலும் ஒரே எச்சரிக்கை வரும். வைரஸ் என்று நினைத்துக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தேதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால் இருக்கும்.

பாதுகாப்பான ஒவ்வொரு தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். பிரவுசர் அதைக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத்தான் ஏற்றுக்கொள்ளும். கடிகாரம் பொய் சொன்னால் நல்ல சான்றிதழும் அதன் கண்ணுக்குச் செல்லாததாகிவிடும். 2020 செப்டம்பர் முதல் ஒரு சான்றிதழுக்கு அதிகபட்ச ஆயுள் 398 நாள் என்று ஆனது. 2029க்குள் அதை 47 நாளாகக் குறைப்பதென்று 2025இல் முடிவாகியிருக்கிறது. அதாவது, கடிகாரம் சில வாரம் பிசகினாலே இனிமேல் தகராறுதான். கணினியின் உள்பலகையில் வில்லை போன்ற ஒரு சிறு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் அதன் எண் சிஆர்2032. அது தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினி தேதியை மறந்துவிடும். பேட்டரியை மாற்றுங்கள், தேதியைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பை முடுக்கி வையுங்கள். முடிந்தது.

தேதி சரியாக இருந்தும் அந்த எச்சரிக்கை வந்தால், அது வேறு விஷயம். கருவி மிகப் பழையதாக இருக்கலாம். 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தளங்களுக்குக் கொடுக்கும் சான்றிதழ்களைத் தாங்கிநின்ற ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. புதுப்பிக்கப்படாத கருவிகள் பலவும் நல்ல தளங்களையே ஏற்க மறுத்தன. அல்லது, பொது வைஃபையில் யாரோ இடையில் புகுந்திருக்கலாம். எதுவானாலும், வங்கிப் பக்கத்தில் அந்த எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை, தொடர்க' என்று மட்டும் அழுத்தாதீர்கள்.

கணினி பழையது என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 'இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பார்த்தால் சிறப்பாகத் தெரியும்' என்று நம் அரசுத் தளங்கள் பலவற்றின் அடியில் வெகுகாலம் எழுதியிருந்தது. டிஜிட்டல் கையொப்பச் சாவியைச் செருகி டெண்டர் போட்டவர்களுக்கு அந்தக் காலம் மறக்காது. அதற்கு ஜாவா வேண்டும். ஜாவாவுக்கு ஒரு செருகுநிரல் வேண்டும். குரோம் 2015 செப்டம்பரில் அந்தவகைச் செருகுநிரல்களைக் கைவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் கைவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரையே மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று ஓய்வுக்கு அனுப்பியது. இன்றும் பழைய முறையைக் கேட்கிற தளம் ஏதேனும் இருந்தால், எட்ஜ் பிரவுசரில் ஐஇ மோட் என்ற அமைப்பு இருக்கிறது. 2029வரையாவது அதை வைத்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 7 ஓடும் கணினிகளுக்கு குரோம் 109தான் கடைசிப் பதிப்பு; 2023 பிப்ரவரியோடு புதுப்பிப்பு நின்றுவிட்டது. அந்தக் கணினியில் பில் அடியுங்கள், வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

இனி, பழுது தளத்தின் பக்கம் இருப்பதைப் பற்றி. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. தளம் திணறும்போதெல்லாம் நம் மக்கள் 'எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது சார்' என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். மாதக் கணக்கின் கடைசி நாள் 20ஆம் தேதி என்று நாடு முழுவதற்கும் ஒரே நாளை வைத்தபோது, அன்றைக்கு ஜிஎஸ்டி தளம் நகராது. இது நம் அறியாமையா? 2020 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகமே கடைசி நாளை 20, 22, 24 என்று மூன்றாகப் பிரித்தது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் செய்யும் தமிழ்நாட்டு வணிகர்களுக்கு அப்போது 22 என்று ஆனது. கூட்டத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது என்றால், நெரிசல் வாசலில்தான் இருந்தது.

திரையில் வரும் எண்ணைப் பாருங்கள். 5இல் தொடங்கினால், 500, 502, 503, 504 என்று எதுவானாலும், பழுது அவர்களின் சர்வரில். காத்திருங்கள், அல்லது இரவு பத்து மணிக்கு மேல் முயலுங்கள். 4இல் தொடங்கினால் கோரிக்கையில் ஏதோ கோளாறு: 404 என்றால் அந்த முகவரியில் பக்கமே இல்லை, 403 என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. பணம் கட்டும்போது இடையில் நின்றுவிட்டால் மட்டும் பின்னோக்கிப் போகும் பொத்தானையோ புதுப்பிக்கும் பொத்தானையோ தொடாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

தமிழுக்கென்று தனியாக ஒரு பழுது உண்டு. சங்கத்துக் கணினியில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் வானவில்லிலோ பாமினியிலோ அடித்த உறுப்பினர் பட்டியலை எடுத்து இணையப் படிவத்தில் ஒட்டினால், பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறி விழும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி உட்கார்ந்து தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கோப்பு கெடவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் போர்த்தி வைத்தவை. படிவத்தில் அந்தப் போர்வை இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறாக இருந்த காலத்தில், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. பிறகு யூனிகோடு பரவியது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட வருடங்களில், யூனிகோடு தமிழ் தெரியாத பழைய கணினிகளின் பிரவுசரிலும் எழுத்து ஒழுங்காகத் தெரியட்டும் என்று தேனீ எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர் அதிராம்பட்டினத்து உமர் தம்பி. 2006இல் மறைந்துவிட்டார். பிரவுசரில் கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழை நமக்கு எழுத்தாகக் காட்டியவர்களில் அவரும் ஒருவர். அவர் பெயரை இந்த மேடையில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உங்கள் பழைய பட்டியலை மறுபடி தட்ட வேண்டியதில்லை. என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றியில் கொடுத்து, எந்த எழுத்துரு என்று சொன்னால் யூனிகோடாக மாற்றித் தரும். மாற்றிய பிறகு ஊர்ப் பெயர்களை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இன்னொரு தமிழ்ச் சிக்கல், நல்ல எண்ணத்தில் வருவது. ஆங்கிலப் படிவத்தைத் திறந்ததும் 'தமிழில் மொழிபெயர்க்கவா' என்று பிரவுசர் கேட்கும். பெரியவர்கள் ஆம் என்பார்கள். படித்துப் புரிந்துகொள்ள அது நல்லதுதான். ஆனால் மொழிபெயர்க்கும்போது பிரவுசர் பக்கத்தின் உள்கட்டமைப்பிலேயே கை வைக்கிறது. சில தளங்களில் அதன் பிறகு பட்டியல் விரியாது, சமர்ப்பிக்கும் பொத்தான் ஓடாது. தமிழில் படியுங்கள், நிரப்பும்போது மூல மொழிக்குத் திரும்பிவிடுங்கள்.

சேலை வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஆரணியிலும் முள்ளிப்பட்டு, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கத்திலும் இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்கிற இளைஞர்கள் பெருகியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் இணைப்பைத் தொடும் வாடிக்கையாளர் தன் பிரவுசருக்குப் போவதில்லை. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு பிரவுசரில் நிற்கிறார். அங்கிருந்து யுபிஐ செயலிக்குத் தாவ வேண்டிய இடத்தில் பணம் நின்றுவிடுவதுண்டு. 'மூன்று புள்ளியைத் தொட்டு வெளிப் பிரவுசரில் திறக்கவும்' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கேமராவில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே தளத்தில் ஏற்றாதீர்கள். முப்பது சேலைப் படம் இறங்கும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். கிராமத்தில் இருக்கும் வாடிக்கையாளரின் பழைய கைபேசியில் உங்கள் கடை எப்படித் திறக்கிறது என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்.

பழுதைப் பயன்படுத்திப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏதோ ஒரு தளத்தில் அறிவிப்பு அனுப்ப 'அனுமதி' என்று அழுத்தியிருப்பீர்கள். மறுநாள் முதல் திரையின் ஓரத்தில் 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே அழையுங்கள்' என்று வரும். வைரஸ் இல்லை. பிரவுசரின் அமைப்பில் அறிவிப்புகள் என்ற இடத்துக்குப் போய் அந்தத் தளத்தின் பெயரை நீக்கினால் நின்றுவிடும். அதேபோல், வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி முதலில் வந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். 'நான் சரிசெய்து தருகிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள்' என்று திரையைப் பகிரச் சொன்னால் உடனே துண்டியுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

கடைசியாகப் புகார். எல்லாம் சோதித்துப் பார்த்து, பழுது தளத்தில்தான் என்று தெரிந்துவிட்டால், சும்மா இருக்காதீர்கள். அரசுத் தளங்கள் எந்தப் பிரவுசரிலும் ஒழுங்காக ஓட வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2009 முதல் சொல்லிவருகின்றன. கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 'சைட் ஓடவில்லை' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பக்கம், எந்தப் பிரவுசர், என்ன செய்தி வந்தது, வேறு எதில் முயன்றீர்கள் என்று எழுதித் திரையின் படத்தையும் சேருங்கள். படத்தில் ஆதார் எண்ணோ கணக்கு எண்ணோ தெரிந்தால் மறைத்துவிடுங்கள். ஜிஎஸ்டிக்கென்று குறைதீர்ப்புத் தளம் தனியாக இருக்கிறது. புகாருக்கு ஓர் எண் கொடுப்பார்கள். கடைசி நாளில் தளம் நின்று அபராதம் விழுந்தால், நீங்கள் அன்றைக்கே முயன்றீர்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கப்போகும் சான்று அந்த எண்ணும் அந்தப் படமும்தான். அதனால் இரண்டையும் அச்செடுத்துக் கணக்குப் புத்தகத்தோடு வையுங்கள்.

மேடைக்கு வலப்பக்கத்தில் இரண்டு கணினிகள் போட்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நானும் கல்லூரி மாணவர்களும் அங்கே இருப்போம். ஈ-வே பில்லில் சிக்கல் என்று தொடக்கத்திலேயே கை தூக்கிய அண்ணன் முதலில் வரட்டும், அவருக்கு இன்று இரவே சரக்கு ஏற்ற வேண்டுமாம். மற்றவர்களும் கைபேசியோடு வரிசையாக வாருங்கள். வரும்போது எதையும் அழித்துவிடாதீர்கள். திரையில் என்ன வந்ததோ அது அப்படியே இருக்கட்டும்.